மாவட்டம் மாறினால் கிராமமும் மாறட்டும்: படிவம் எழுதுகிறவர்களுக்கு ஒரு மடல்

இணையப் படிவங்கள் எழுதும் தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். தென்காசி மாவட்டத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். வருமானச் சான்று, பட்டா மாறுதல், உதவித்தொகை என்று காலையிலிருந்து இரவு வரை நீங்கள் எழுதிய படிவங்களைத்தான் நிரப்புகிறேன். ஒரு காலத்தில் நானும் பிஎச்பி என்ற நிரல்மொழியில் இணையதளங்கள் எழுதியவன். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு பிள்ளைக்கு உதவித்தொகை மனு போட்டேன். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். முதலில் விடுதி முகவரியைப் போட்டு திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அப்புறம் கிராமம் என்று மூன்று டிராப்டவுனையும் (பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் பெட்டிகள்) முடித்துவிட்டேன். "அண்ணே, நிரந்தர முகவரில்ல கேக்காங்க" என்றார் அவள் அம்மா. சரி என்று மாவட்டத்தைத் தென்காசி ஆக்கி, தாலுகாவில் சங்கரன்கோவிலைத் தேர்ந்தெடுத்தேன். கிராமப் பெட்டியில் மட்டும் பழைய கிராமம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கூட்ட நேரம், நான் பார்க்கவில்லை. சர்வரும் பார்க்கவில்லை, ஒப்புகை எண் தந்து அனுப்பிவிட்டது. இருபது நாள் கழித்து 'முகவரி பொருந்தவில்லை, நிராகரிக்கப்பட்டது' என்று வந்தது.

என் தவறும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சங்கரன்கோவில் தாலுகாவுக்குள் பாளையங்கோட்டை கிராமம் ஒன்று எப்படி சேமிக்கப்பட்டது?

மாவட்டம் மாறியதும் தாலுகாவை மட்டும் புதுப்பித்தால் போதாது. அதற்குக் கீழே உள்ள எல்லாப் பெட்டிகளையும் காலி செய்து பூட்டிவிடுங்கள். இங்கே நெட் நொண்டும். ஒரு தாலுகாவைத் தொட்டுவிட்டு உடனே இன்னொன்றுக்குப் போனால், சர்வரிடம் போன முதல் கேள்விக்கான பதில் கடைசியாக வந்து சரியான பட்டியலின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். புதுக் கேள்வி போகும்போதே பழையதை ரத்து செய்யுங்கள். தமிழ்நாட்டில் 38 மாவட்டம், முந்நூற்றுச் சொச்சம் தாலுகா. இவ்வளவையும் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பிவிடலாம்; கிராமத்துக்கு மட்டும் சர்வரைக் கேட்டால் போதும்.

இதையெல்லாம் செய்தாலும் திரையில் இருப்பது வெறும் வசதிதான். கிராமம் எந்தத் தாலுகா, தாலுகா எந்த மாவட்டம் என்ற உறவு தரவுத்தளத்தின் டேபிளில் இருக்கிறது. சேமிக்கும் முன் டேபிள்களை இணைத்துப் பார்க்கும் ஒரு ஜாயின் போட்டு அதைக் கேளுங்கள். பொருந்தாவிட்டால் அங்கேயே மறுத்துவிடுங்கள், இருபது நாள் கழித்து வேண்டாம்.

மாவட்டப் பட்டியலை நிரலுக்குள்ளேயே தட்டி வைக்கும் பழக்கம் இன்னொரு தலைவலி. மாவட்டங்கள் புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கின்றன: 2019 நவம்பரில் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை. இன்றும் எங்களைப் பழைய மாவட்டமான திருநெல்வேலியில் தேடச் சொல்லும் படிவங்கள் உண்டு. அதற்காக டேபிளில் இருக்கும் பழைய பதிவை அழித்தும் விடாதீர்கள். அரியலூர் 2001இல் மாவட்டமாகி, 2002இல் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்தது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று டேபிளில் இரண்டு பத்தி (column) வைத்தால் பழைய மனுக்களும் புரியும். உறவை ஊர்ப் பெயரால் கட்டாமல் ஊருக்கான குறியீட்டு எண்ணால் கட்டுங்கள். புதூர் என்ற பெயரில் எத்தனை ஊர் இருக்கிறது!

ஊர்ப் பட்டியலின் அகரவரிசையையும் சொல்லிவிடுகிறேன். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள யூனிகோடு எண்படி அடுக்கினால் 'ன' 'ந'வுக்குப் பக்கத்தில் போய்விடும். பனையூர் பரமக்குடிக்கு முன்னால் நிற்கும். 'ன' கடைசி எழுத்து என்று படித்தவர்கள் பட்டியலின் அடியில் தேடிக்கொண்டிருப்பார்கள். தமிழ் கொலேஷன், அதாவது தமிழ் அகரவரிசைப்படி அடுக்கும் விதி, போட்டால் தீர்ந்தது.

அந்தப் பிள்ளைக்கு மறுபடி மனு போட்டிருக்கிறேன், காசு வாங்கவில்லை. கிராமப் பெட்டியை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன்.

இப்படிக்கு,
ஒரு கம்ப்யூட்டர் சென்டர்காரன்