செய்தி இல்லாத நாளிலும் உள்ளே விட்டவர்களுக்கு

காசிமேடு, எர்ணாவூர், வியாசர்பாடி சொந்தங்களுக்கு வணக்கம்.

அடுத்த மாதம் ஒரு நாளிதழில் நிரந்தரப் புகைப்படக்காரனாகச் சேருகிறேன். மாதச் சம்பளம், அடையாள அட்டை, வண்டிக்குப் பெட்ரோல் படி எல்லாம் உண்டு. இவை எதுவும் இல்லாமல், தவணையில் வாங்கிய பழைய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்த காலத்தில் என்னைத் தாங்கியவர்கள் நீங்கள்தான். புது வேலையில் கால் வைப்பதற்கு முன் உங்களுக்கு நன்றி சொல்லிவிட வேண்டும்.

2016-இல் நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது கணக்கு ஒன்றுதான்: படம் அச்சானால் காசு, இல்லாவிட்டால் இல்லை. வடசென்னையிலிருந்து எந்தப் படம் அச்சாகும் என்பதும் சீக்கிரமே விளங்கிவிட்டது. வெட்டுக்குத்து, தீ, வெள்ளம். கொடுங்கையூர் குப்பைமேடு புகைந்தால் கேமராக்கள் வரும். முல்லை நகர் மைதானத்தில் பிள்ளைகள் விடிவதற்கு முன்பே பந்து உதைக்கிறார்களே, அதைப் பார்க்க யாரும் வருவதில்லை. வெளியூர்க்காரர்கள் நம் பகுதியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு என்று இன்றும் நம்புகிறேன். ஒன்றும் நடக்காத நாட்களிலும் என்னை உள்ளே விட்டீர்களே, முதல் நன்றி அதற்கு.

காசிமேட்டு ஏலக்கூடத்தில் வஞ்சிரம் விற்கும் அக்கா, உங்களை எப்படி மறப்பேன்? இருட்டில் மஞ்சள் விளக்குக்கு அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மீனெல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தது. "வௌக்குக்கு அடியில நிக்காத தம்பி. கொஞ்ச நேரத்துல அந்தாண்ட வெளுக்கும் பாரு, அங்க போய் நில்லு. செவுளு நெறம் பாக்க நாங்களே அந்த வெளிச்சத்துக்குத்தான் காத்துனு இருப்போம்" என்றீர்கள். போய் நின்றேன். கடல் பக்கத்திலிருந்து மெல்ல வெளிச்சம் வந்தபோது நீங்கள் ஒரு மீனின் செவுளை விரலால் தூக்கிக் காட்ட, வாங்க வந்தவர் குனிந்து பார்த்தார். அந்தச் சிவப்பு அப்படியே படத்தில் விழுந்தது. வெளிச்சத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது.

தடைக்காலத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர்களுக்கும் நன்றி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. 45 நாளாக இருந்த தடை 2017-இல் 61 நாளானது. மீன் இல்லையென்றால் பத்திரிகைக்குப் படமும் இல்லை என்பார்கள். ஆனால் கரை காலியாக இருக்காது. படகுக்கு வர்ணம் அடிப்பதும், இன்ஜினைக் கழற்றிப் பார்ப்பதும், கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துப் பின்னுவதும் அப்போதுதான். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க உங்களிடம்தான் கற்றேன்.

அப்படி உட்கார்ந்திருந்ததன் அருமை எர்ணாவூரில் தெரிந்தது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. பாரதியார் நகர் கரைப் பாறைகளுக்கிடையே இட்லி மாவுப் பதத்தில் கறுப்பாகத் தேங்கி நின்றதை ஆட்கள் வாளியில் மொண்டு கைமாற்றிக் கரையேற்றினார்கள். மீன் விற்காமல் போன ஆத்திரத்தில் இருந்த கரை அது. கேமராவைக் கண்டால் எரிச்சல் வந்திருக்க வேண்டும். அங்கே இருந்தவர்களில் சிலர் என்னை ஏற்கெனவே காசிமேட்டில் பார்த்தவர்கள். "நம்ம போட்டோக்காரத் தம்பிதான், விடு" என்று ஒரு குரல் வந்தது. அந்த வார்த்தையைவிடப் பெரிய பிரஸ் கார்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

பாறையில் ஊன்றி ஏறியதில் கையெல்லாம் எண்ணெய். பட்டனில் விரல் வழுக்கியது. ஓர் அம்மா பழைய புடவையைக் கிழித்து, தேங்காயெண்ணெய் ஊற்றி, என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். "கைய மொதல்ல பாரு, பொட்டிய அப்பால தொடைச்சிக்கலாம்." அன்று எடுத்த படம் மறுநாள் என் பெயரோடு வந்தது. அம்மா, அதில் நீங்கள் இல்லை. இந்த மடலில் இருக்கிறீர்கள்.

படத்தை மட்டும் அனுப்பினால் போதாது, யார், எங்கே, எப்போது, என்ன செய்கிறார் என்று நான்கு வரி எழுதாத படம் டெஸ்கில் குப்பைக்குப் போகும் என்று சொல்லித்தந்த மூத்த புகைப்படக்கார அண்ணனுக்கும், நான் வரும்வரை ஷட்டரைப் பாதி இறக்கிக் காத்திருந்த திருவொற்றியூர் பிரவுசிங் சென்டர் அண்ணனுக்கும் நன்றி. ஒரு பத்திரிகையில் என் பணம் மாதக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டபோது, வெளியான படங்களின் கட்டிங்கைத் தேதிவாரியாக ஒட்டி பில்லோடு எப்படிக் கொடுக்க வேண்டும் என்று தானே உட்கார்ந்து ஒட்டிக் காட்டிய கணக்குப் பிரிவு மேடத்துக்கும்தான்.

அச்சாகாத படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன: வலை, வர்ணம், பந்து, செவுள். எல்லாவற்றையும் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன். வருகிற தடைக்காலத்தில் கொண்டுவருகிறேன், அப்போதுதான் எல்லோரும் கரையில் இருப்பீர்கள். யாருக்காவது இரண்டு பிரதி வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் போட்டோக்காரத் தம்பி