பிரசவம் பார்க்கும் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். மகளின் ஏழாம் மாதப் பரிசோதனைக்குத் துணையாகப் போயிருந்தேன். காத்திருந்த எங்களிடம் டை கட்டிய தம்பி ஒருவர் வழவழப்பான அட்டையோடு வந்தார். "டாக்டரம்மாதான் உங்களைப் பார்க்கச் சொன்னாங்க." தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்க 60,000 ரூபாய், தவணையிலும் கட்டலாமாம். "அந்தக் காலத்துலயே கொடியைத் தாயத்துல அடைச்சு இடுப்புல கட்டினாங்களேம்மா, அதுவும் ஸ்டெம் செல்தான்" என்றார். ஸ்டெம் செல் என்றால் வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல், கொடி ரத்தத்தில் அது உண்டு. ஆனால் காய்ந்து சருகான கொடியில் உயிருள்ள செல் ஏது? நான் பள்ளியில் உயிரியல் நடத்தியவள், சிரித்துவிட்டேன். மகள் சிரிக்கவில்லை. வளைகாப்புக்குப் போட்ட வளையலை அடகு வைக்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

சேமித்த ரத்தத்தால் குணமாகும் என்று அட்டையில் போட்டிருந்த நோய்ப் பட்டியலில் தலசீமியா என்ற ரத்த நோயும் உண்டு. அது மரபணுக் கோளாறு. குழந்தைக்கு அந்த நோய் இருந்தால் அதன் கொடி ரத்தத்திலும் அதே கோளாறு இருக்கும். அதையே திரும்ப ஏற்றி என்ன பயன்? 1988இல் பாரிஸில் முதன்முதலாகக் கொடி ரத்தம் ஏற்றிக்கொண்ட சிறுவனுக்குக் கொடுத்தது அவனுடைய ரத்தத்தை அல்ல, புதிதாகப் பிறந்த அவன் தங்கையுடையதை. தனக்கே பின்னால் உதவும் என்று சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2017 நெறிமுறையே சொல்கிறது. உங்களுக்குத் தெரியாததா?

"இன்னைக்கு விட்டா என்னைக்கும் கிடைக்காது" என்று வேறு அந்தத் தம்பி பயமுறுத்தினார். பெரியவர்களின் தோல் செல்லையே ஸ்டெம் செல்லாகத் திருப்பலாம் என்று ஜப்பான் விஞ்ஞானி யாமனாகா 2007இலேயே காட்டிவிட்டார். 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த அரிவாள் செல் ரத்தசோகை சிகிச்சையில், நோயாளியின் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்லை எடுத்து, மரபணுவைத் திருத்தி, திரும்ப ஏற்றுகிறார்கள். அவர்களிடம் யாரும் தொப்புள்கொடி கேட்கவில்லை. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் சுண்ணாம்பு பட்டு வெந்த கண்ணுக்கு, நல்ல கண்ணின் கருவிழி ஓரத்திலிருந்து கடுகளவு திசுவை எடுத்து வைத்துப் பார்வையை மீட்கிறார்கள். ஸ்டெம் செல்லின் பெருமை இதெல்லாம்தான். அட்டையில் இதில் ஒரு வரிகூட இல்லை.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். அந்த ஆட்களைக் காத்திருப்பு அறைக்குள் விடாதீர்கள். கமிஷன் உண்டென்றால் எங்களிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் மூத்த பிள்ளைக்கு ரத்த நோய் இருந்தால் சேமிப்பது உண்மையிலேயே உதவலாம். அதை நீங்களே உட்கார்ந்து விளக்குங்கள், விற்பனையாளரிடம் விடாதீர்கள். அப்புறம், குழந்தை பிறந்ததும் குறைந்தது 1 நிமிடமாவது பொறுத்துக் கொடியை இறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் உள்ளே போகும் ரத்தம் பிள்ளைக்கு இரும்புச்சத்து. பையில் பிடிக்கும் அவசரத்தில் அதைக் குறைத்துவிடாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை மறுபடி வருகிறோம். அட்டையையும் கொண்டுவருகிறேன். அந்தப் பட்டியலில் எது உண்மை என்று பேனாவால் டிக் அடித்துக் கொடுங்கள் டாக்டரம்மா.

இப்படிக்கு,
பாட்டியாகப் போகும் ஒருத்தி