பயிற்சியை டோக்கன் கூப்பிடுற எடத்துல இருந்து ஆரம்பிங்க

வேலூர் மாவட்டத்துல ஆஸ்பத்திரி நடத்துறவங்க, அதுல வேலை பாக்குறவங்க எல்லாருக்கும் வணக்கம்ங்க. டாக்டருங்களுக்கு மட்டும் இல்ல, ஓபி சீட்டு எழுதுறவங்க, வாட்ச்மேன், ஸ்கேன் ரூம் வாசல்ல நிக்கிற ஆயாம்மா, எல்லாருக்குந்தான். திருநர், ஊடுபால் ஆளுங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா எப்படி நடத்தணும்னு உங்க எல்லாருக்கும் பயிற்சி வேணும்னு கேக்கத்தான் எழுதுறேன்.

என் தம்பி திருநம்பி, பொண்ணுன்னு பொறந்து ஆம்பளையா வாழுறவன். குடியாத்தம் பக்கம் மெக்கானிக் ஷெட்ல வேலை, தாடி வளந்து ரெண்டு வருஷம் ஆச்சு. போன மழைக்காலத்துல அடிவயித்து வலின்னு சுருண்டு படுத்துட்டான், கர்ப்பப்பை எல்லாம் இன்னும் எடுக்கல, அதனால ஸ்கேன் பாக்கணும்னு கூட்டிகினு போனேன், எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன். சீட்டுல ஆதார்ல இருக்குற பழைய பேரு. ஹால் பூரா கேக்குற மாதிரி அந்தப் பேரைக் கூப்பிட்டாங்க, இவன் எழுந்து போனா "இன்னாபா, உன் வொய்ஃப் எங்க?"ன்றாங்க. நாலு பேருக்கு வெளக்கம் சொல்லி முடிச்சா அஞ்சாவதா வாட்ச்மேன், "லேடீஸ் வார்டு, ஆம்பளைங்க வெளிய நில்லு". "வலி கொறஞ்சிடுச்சுக்கா, வா போலாம்"னுட்டான். எங்க கொறஞ்சுது, பஸ்லயே வாந்தி. அப்பறம் மெட்ராஸ் போய்தான் பாத்தோம், சினைப்பையில கட்டி. அன்னிக்கி உள்ள இருந்த டாக்டரம்மா நல்லவங்களாவே இருந்திருக்கலாம், நாங்க அவங்க கிட்ட போய் சேரவே இல்லையே.

சிஎம்சி ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச டாக்டரம்மா ஐடா ஸ்கட்டர் கதை நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும், ஆம்பள டாக்டர் பாக்கக்கூடாதுன்னு மூணு பொண்ணுங்க பிரசவத்துல செத்தது. நடந்தது திண்டிவனத்துல, ஆனா அதுல கெளம்பி வந்ததுதான் நம்ம சிஎம்சி. அப்பவும் வைத்தியம் பக்கத்துலயேதான் இருந்துச்சு.

சட்டம் இல்லாம இல்லீங்க. மெடிக்கல் பாடத்தை மறுபரிசீலனை பண்ணணும்னு 2019 திருநர் சட்டத்துலயே வந்துச்சு. 2021ல ரெண்டு பொண்ணுங்க ஜோடியா பாதுகாப்பு கேட்டு வந்த சுஷ்மா கேஸ்ல மெட்ராஸ் ஐகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மருத்துவத் துறையில இருக்குறவங்களுக்கு விழிப்புணர்வு குடுங்க, திருநர், ஓரினச் சேர்க்கையாளருங்க மனசை 'மாத்துறேன்'னு பண்ற வைத்தியம் வேணாம்னாரு. அப்படியும் 2024 ஆகஸ்ட் கடைசியில தேசிய மருத்துவ ஆணையம் லெஸ்பியன் உறவை இயற்கைக்கு மாறான குற்றம்னு பாடத்துல திரும்ப நுழைச்சு, எதிர்ப்பு வந்ததும் சில நாள்ல வாபஸ் வாங்குச்சு. மேல இருக்குறவங்களே இப்படின்னா வாட்ச்மேனை மட்டும் திட்டி என்ன ஆவப்போவுது.

இன்னொண்ணு, ஊடுபால் கொழந்தைங்க, அதாவது ஆணா பொண்ணான்னு ஒடம்பை வச்சு தெளிவா சொல்ல முடியாம பொறக்குற கொழந்தைங்க. உயிருக்கு ஆபத்து இல்லாதப்ப ஆணா பொண்ணான்னு ஆக்குறதுக்காக ஆப்பரேஷன் பண்ணக்கூடாதுன்னு 2019ல மதுரை ஐகோர்ட் கிளை தீர்ப்பு, அதே வருஷம் ஆகஸ்ட்ல நம்ம அரசாணை. இது பிரசவ வார்டு நர்ஸுக்கு தெரியணும், ஏன்னா வெளிய வந்து பாட்டிக்கு பதில் சொல்றது அவங்கதான்.

பேரைக் கத்தாம நம்பர் கூப்பிடுங்க. "எப்படி கூப்பிடட்டும்"னு ஒரு வார்த்தை கேளுங்க. ஸ்டூடன்ட்ஸைக் கூட்டியாந்து காட்டுறதுக்கு முன்னாடி அனுமதி வாங்குங்க. பயிற்சின்னா ஒரு நாள் பங்ஷன் வச்சு சால்வை போட்டு அனுப்புறது வேணாம், எங்க திருநர் பசங்களையே சம்பளம் குடுத்து வகுப்பு எடுக்கச் சொல்லுங்க.

தம்பிக்கு அடுத்த ஸ்கேன் மாசியில. வேலூர்லயே பாத்துக்கலாம்டான்னு சொல்லிகினு இருக்கேன், அவன் இன்னும் சரின்னு சொல்லல.