எண்ணெய் மாற்றுவது எளிது. வடித்த எண்ணெயை என்ன செய்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளும் முறை குறித்துத் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். என் காருக்கு இந்த வேலையைப் பல ஆண்டுகளாக நானே செய்து வருகிறேன். ஆகவே கட்டுரையின் நோக்கத்தை மனமார வரவேற்கிறேன். ஆனால் புதிய எண்ணெயை ஊற்றி மூடியைத் திருகியதும் வேலை முடிந்ததாகக் கட்டுரையும் முடிந்துவிடுகிறது. தட்டில் வடித்து வைத்த மூன்று நான்கு லிட்டர் பழைய எண்ணெய் அதன் பிறகு எங்கே போகிறது என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதை முறையாக ஒப்படைக்க ஓர் இடம் பார்த்து வைக்காதவர், வேறு எல்லாக் கருவிகளும் கையில் இருந்தாலும், இந்த வேலையை வீட்டில் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதை வலியுறுத்தவும், முதல் முறையாகக் காருக்கு அடியில் போகிறவர்களுக்காகக் கட்டுரை சொல்லியிருக்க வேண்டிய வேறு சிலவற்றைக் குறிப்பிடவுமே இதை எழுதுகிறேன்.

பல ஆயிரம் கிலோமீட்டர் எஞ்சினுக்குள் சுழன்ற எண்ணெயில் கரித்துகள், எரியாமல் கசிந்த எரிபொருள், தேய்மானத்தால் உதிர்ந்த உலோகப் பொடி, எரிதலின்போது உண்டாகும் அமிலங்கள், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சில ஹைட்ரோகார்பன் சேர்மங்கள் எல்லாம் சேர்ந்திருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று எண்ணெய் டப்பாவிலேயே அச்சிட்டிருப்பதற்கு இதுதான் காரணம். கை கறுத்துவிடும் என்பதற்காக மட்டும் அல்ல. ஒரு காலன், அதாவது ஏறத்தாழ 3.8 லிட்டர் கழிவு எண்ணெய், பத்து லட்சம் காலன் நன்னீரைப் பாழாக்கிவிடக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நெடுங்காலமாக எச்சரித்து வருகிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு கலந்தாலே போதும் என்பது அதன் பொருள். ஒரு சிறிய காரிலிருந்து ஒரு முறை வடியும் எண்ணெயே கிட்டத்தட்ட அந்த அளவு இருக்கும்.

சாக்கடையில் ஊற்றுவது தவறு என்று பலருக்கும் தெரியும். தெரிந்தவர்களே புழுதி அடங்கும் என்று மண் தரையில் தெளிப்பதையும், களை சாகும் என்று வேலி ஓரத்தில் ஊற்றுவதையும், கரையான் வராது என்று மரக் கம்பங்களுக்குப் பூசுவதையும் பார்க்கிறோம். வீணாக்காமல் பயன்படுத்துகிறோம் என்ற நிறைவு அவர்களுக்கு இருக்கலாம். ஆனால் மழை பெய்ததும் அந்த எண்ணெய் போய்ச் சேரும் இடம் சாக்கடையில் ஊற்றியது போய்ச் சேரும் இடமேதான்.

இதில் வருத்தம் என்னவென்றால், கழிவு எண்ணெய் உண்மையிலேயே மறுபடியும் பயன்படக்கூடிய பொருள். அழுக்கு ஏறி, அதில் சேர்த்திருந்த வேதிப்பொருள்கள் தீர்ந்து போகின்றனவே தவிர, அடிப்படை எண்ணெயின் பெரும்பகுதி அப்படியேதான் இருக்கிறது. மேற்சொன்ன முகமையின் கணக்குப்படி, ஒரு காலன் கழிவு எண்ணெயைச் சுத்திகரித்தால் சுமார் 2.4 லிட்டர் மசகு எண்ணெய் மீண்டும் கிடைக்கும். அதே அளவைக் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்க வேண்டுமானால் ஒரு முழுப் பீப்பாய், அதாவது 159 லிட்டர் தேவைப்படும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வடித்த எண்ணெயோடு ரேடியேட்டர் கூலன்ட், பிரேக் ஆயில், பெட்ரோல், பெயின்ட் தின்னர் என்று எதையேனும் கலந்துவிட்டால், அதை மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்ள மறுத்துவிடுவார்கள். புதிய எண்ணெய் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி, இறுக மூடி, மேலே ‘கழிவு எண்ணெய்’ என்று எழுதி வைப்பதே எளிய வழி. பழைய ஃபில்டருக்குள்ளும் கணிசமான எண்ணெய் நிற்கும். எஞ்சினை நிறுத்தியதும் எண்ணெய் வெளியேறிவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு பல ஃபில்டர்களில் இருப்பதால், வெறுமனே கவிழ்த்து வைத்தால் முழுவதும் வடியாது. அடிப்பக்கத்தில் ஆணியால் ஒரு துளையிட்டு, ஓர் இரவு முழுவதும் வடியவிட்டு, அந்த எண்ணெயையும் அதே டப்பாவில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது, காருக்கு அடியில் போவது. ஜாக்கியால் தூக்கிவிட்டு அடியில் நுழையலாம் என்ற எண்ணத்தைக் கட்டுரையில் வந்த படம் தோற்றுவிக்கிறது. தூக்கிய காரைத் தாங்கி நிற்க வேண்டிய இரும்பு ஸ்டாண்டே படத்தில் இல்லை. காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்காகக் கொடுக்கப்பட்டது. அதை நம்பி உடம்பை உள்ளே கொடுக்கக் கூடாது. ஹைட்ராலிக் ஜாக்கியும் சீல் கசிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிடும். சமமான கெட்டித் தரையில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரின் கையேட்டில் குறிப்பிட்டுள்ள இடத்தில் தூக்கி, அதன் எடையை ஸ்டாண்டின் மேல் இறக்கி, ஒரு முறை ஆட்டிப் பார்த்த பிறகே அடியில் போக வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் போன்றவற்றை முட்டுக் கொடுப்பது மிக ஆபத்தானது. அவை விரிசல் காட்டி எச்சரிப்பதில்லை. ஒரே நொடியில் நொறுங்கிவிடும். இதற்கெல்லாம் வசதி இல்லாதவர்கள், எண்ணெய் அளவைப் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் குழாய் வழியாக எண்ணெயை உறிஞ்சி எடுக்கும் பம்பைப் பயன்படுத்தலாம். ஃபில்டர் மேல்பக்கத்திலேயே இருக்கும் கார்களில் அடியில் போகாமலே வேலை முடிந்துவிடும். சில ஒர்க்ஷாப்புகளிலும் இப்படித்தான் செய்கிறார்கள். அதைக் குறுக்கு வழி என்று இகழ வேண்டியதில்லை.

எண்ணெய் வடிக்கும் பகுதியை எழுதியவர் அதை நேரில் செய்து பார்த்திருப்பாரா என்று எனக்குச் சிறு ஐயம் உண்டு. எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டி வெதுவெதுப்பாக்க வேண்டும் என்பது சரி. அதற்காக நீண்ட தூரம் ஓட்டிவிட்டு வந்த கையோடு திறந்தால் 90 டிகிரிக்கு மேல் கொதிக்கும் எண்ணெய் கையில் வழியும். எண்ணெய் வடியும் துளையை அடைத்திருக்கும் பிளக்கை முதலில் ரிங் ஸ்பேனரால் தளர்த்தி, பிறகு கையால் திருகி, கடைசி மரைகள் வரும்போது உள்பக்கமாக அழுத்திப் பிடித்தபடியே சுழற்ற வேண்டும். கழன்றுவிட்டது என்று விரல் உணர்ந்ததும் சட்டென்று பக்கவாட்டில் இழுத்தால் எண்ணெய் கைமேல் வழியாது, பிளக்கும் தட்டுக்குள் விழாது. எண்ணெய் முதலில் வளைந்து சற்றுத் தூரத்தில் பாயும். வேகம் குறையக் குறைய விழும் இடம் சம்ப்பை, அதாவது எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியை, நோக்கி நெருங்கி வரும். அதற்கேற்றபடி தட்டை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நகர்த்தாதவர் தரையைத் தேய்க்க வேண்டியிருக்கும். இன்னொன்று, சில கார்களில் கியர்பாக்ஸின் பிளக் எஞ்சின் பிளக்குக்கு மிக அருகிலேயே இருக்கிறது. அதைக் கழற்றி கியர் ஆயிலை வடித்துவிட்டு, எஞ்சினில் இருக்கும் எண்ணெயின் மேலேயே புதியதையும் ஊற்றியவர்களின் கதையை மெக்கானிக்குகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கார் உரிமையாளருக்கு அது சிரிப்பதற்குரிய செலவாக இருப்பதில்லை.

திரும்ப மாட்டும்போது பிளக்கின் வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். நசுங்கி அடைத்துக்கொள்வதற்கென்றே செய்த மென்மையான உலோக வாஷர் அது; ஒரு முறை நசுங்கியது மறுமுறை அதே போல் அடைக்காது. பிளக்கை எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்குங்கள் என்று கட்டுரையில் வந்துள்ளதைத் தயவுசெய்து திருத்த வேண்டும். இன்றைய பல கார்களில் சம்ப் அலுமினியத்தால் ஆனது. பலத்தைக் காட்டி இறுக்கினால் மரை பிய்ந்துவிடும். பிறகு சம்ப்பையே மாற்றும் நிலைகூட வரலாம். பெரும்பாலான கார்களுக்கு 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கு விசைதான் தேவை. சரியான எண் அந்தந்தக் காரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து அந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஃபில்டரைப் பற்றிக் கட்டுரை இரண்டே வரியில் கடந்து செல்கிறது. ஆனால் எஞ்சினையே பலி வாங்கக்கூடிய தவறு நடக்கும் இடம் அதுதான். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில நேரம் எஞ்சின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கறுப்பாக, எண்ணெய் பூசி, அந்த உலோக முகப்பின் பகுதியே போல அது தோற்றமளிப்பதால் கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டிவிட்டால் வளையத்தின் மேல் வளையம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வண்டியைக் கிளப்பி எண்ணெய் அழுத்தம் ஏறியதும் அந்த இடுக்கு வழியாக எண்ணெய் பீறிட்டு வெளியேறும். கவனிக்காமல் ஓட்டிச் சென்றால் சில நிமிடங்களில் எஞ்சின் வறண்டு, பேரிங்குகள் பிடித்துக்கொள்ளும். எனவே கழற்றிய ஃபில்டரைத் திருப்பி, அதில் வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அது மேலேதான் இருக்கிறது. பிறகு முகப்பைத் துணியால் துடைத்து, புது ஃபில்டரின் வளையத்தில் புது எண்ணெயை விரலால் தடவி, கையாலேயே திருகி, வளையம் முகப்பைத் தொட்ட பிறகு மேலும் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். ஃபில்டர் பெட்டியின் மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதன்படி செய்ய வேண்டும். ஸ்பேனரும் சங்கிலியும் கழற்றுவதற்குத்தான்.

எண்ணெய் ஊற்றுவதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. கையேட்டில் சொன்ன அளவில் கொஞ்சம் குறைத்து ஊற்றி, எஞ்சினைக் கிளப்பி, எண்ணெய் அழுத்த விளக்கு அணைவதையும் பிளக், ஃபில்டர் இரண்டிலும் கசிவு இல்லாததையும் உறுதி செய்துகொண்டு, நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீதியை ஊற்ற வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவது கூடுதல் பாதுகாப்பு ஆகாது. எஞ்சினின் அடியில் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் எண்ணெயை அடித்து நுரையாக்கிவிடும், நுரை மசகாகப் பயன்படாது.

எண்ணெய் கறுத்துவிட்டால் மாற்ற வேண்டும் என்று கட்டுரை கூறுவதும் சரியன்று. கரியைப் படியவிடாமல் தன்னுள் ஏந்திக்கொள்வது எண்ணெயின் வேலையே ஆதலால், டீசல் எஞ்சினில் புதிய எண்ணெய் ஊற்றிய சில நாள்களிலேயே கறுத்துவிடும். நிறத்தைப் பார்த்து அறிய வேண்டியவை வேறு உண்டு. வடித்த எண்ணெய் பால் கலந்த காபியைப் போல் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். அதில் மினுமினுக்கும் துகள்கள் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம். பெட்ரோல் வாசனை தூக்கலாக வந்தால் எரிபொருள் கலக்கிறது. இவற்றில் எதைக் கண்டாலும் மெக்கானிக்கிடம் காட்டுவதற்காக ஒரு சிறு பாட்டிலில் மாதிரி எடுத்து வைக்க வேண்டும். தானே மாற்றுவதால் கிடைக்கும் உண்மையான லாபம் இந்தப் பார்வைதான் என்பேன். மாற்றும் இடைவெளியைப் பொறுத்தவரை, எல்லா வண்டிக்கும் 5,000 கிலோமீட்டர் என்ற பழைய கணக்கை விட்டுவிட்டு, கையேட்டில் உள்ளதைப் பின்பற்றினால் போதும். இன்றைய சிந்தெடிக் எண்ணெய்களுக்குப் பல நிறுவனங்கள் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இதில் எது முந்துகிறதோ அது என்று குறிப்பிடுகின்றன. தேவையின்றி அடிக்கடி மாற்றுவதால் கழிவு எண்ணெய்தான் பெருகும்.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. பிளக்கை இறுக்குவது பற்றிய வரிக்கும், ஸ்டாண்டு இல்லாத அந்தப் படத்துக்கும் திருத்தம் வெளியிட வேண்டும். அடுத்து, கழிவு எண்ணெயை உரிய அனுமதியுடன் பெற்றுக்கொள்ளும் இடங்களைத் தங்கள் செய்தியாளர்கள் விசாரித்து, அவற்றின் பட்டியலை இதே பகுதியில் வெளியிட வேண்டும். கட்டுரையைப் படித்துவிட்டு இந்த வார விடுமுறையிலேயே பிளக்கைக் கழற்றக் காத்திருக்கும் வாசகர்கள் நிச்சயம் இருப்பார்கள். ஆகவே அந்தப் பட்டியல் விரைவில் வருவது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர் ஒருவர்