கஸின்ட்ஸி தெருவுக்குப் போகிற தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

நீயும் தோழிகளும் அடுத்த மாதம் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட் போவதாக எழுதியிருந்தாய். மூன்று நாள் பயணத்தில் இரண்டு இரவுகளை, பாழடைந்த பழைய வீடுகளின் முற்றங்களில் நடக்கும் இடிபாட்டு மதுக்கூடங்களுக்கு என்றே ஒதுக்கியிருக்கிறாய். போகாதே என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த முற்றங்களில் நேரம் போவது தெரியாமல் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றை மட்டும் கேட்கிறேன். அந்தத் தெருக்களை முதன்முதலாக இரவில் பார்க்காதே. ஒரு பகல் முழுக்க அவற்றில் நடந்துவிட்டு, அதற்குப் பிறகு இரவில் போ.

ஊர்க்காரர்கள் தங்கள் நகரத்தைப் 'புடபெஷ்ட்' என்கிறார்கள். டான்யூப் நதியின் மேற்குக் கரையில் குன்றும் அரண்மனையுமாக புடா, கிழக்குக் கரையில் சமவெளியாக பெஷ்ட். 1873இல் இந்த இரண்டோடு பழைய புடா என்ற ஊரும் சேர்ந்து ஒரே நகரமானது. 1896இல் திறந்த சுரங்க ரயிலில் இன்றும் நீ ஏறலாம். ஐரோப்பியப் பெருநிலத்தில் அதுதான் முதலாவது. ஹங்கேரியர்களின் மூதாதையரான மாகியர்கள் இந்த மண்ணுக்கு வந்ததாகக் கொள்ளப்படும் ஆண்டு 896 என்பதால் நாடாளுமன்றக் கட்டடம் 96 மீட்டர் உயரம். இவையெல்லாம் வழிகாட்டி நூலில் இருக்கும்.

நான் சொல்ல வந்தது பெஷ்ட்டின் ஏழாவது வட்டாரத்தைப் பற்றி. அங்கே தோஹான் தெருவில், அதாவது புகையிலைத் தெருவில், 1859இல் கட்டி முடித்த யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது. ஐரோப்பாவிலேயே பெரியது, ஏறக்குறைய 3,000 பேர் உட்காரலாம். உள்ளே போய் மேற்கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, மறக்காமல் பக்கத்துத் தோட்டத்துக்கு வா. யூதர்கள் தொழுகைக்கூடத்தை ஒட்டி இறந்தவர்களைப் புதைப்பதில்லை. இந்தத் தோட்டத்தில் 2,000 பேருக்கும் மேல் புதைந்திருக்கிறார்கள். 1944 அக்டோபரில் ஹங்கேரிய நாஜிகளான அம்புச் சிலுவைக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. அந்தக் குளிர்காலத்தில் இந்தச் சில தெருக்களைப் பலகை வேலியால் அடைத்து, சுமார் 70,000 யூதர்களை உள்ளே திணித்தார்கள். பசியாலும் குளிராலும் நோயாலும் மக்கள் செத்து விழுந்தார்கள். 1945 ஜனவரியில் சோவியத் படை வந்து வேலியை உடைத்தபோது பிணங்கள் தெருவிலேயே கிடந்தன. இடுகாட்டுக்குக் கொண்டுபோக வழியில்லாமல் இங்கேயே புதைத்தார்கள். பின்புறம் உலோகத்தில் ஓர் அழுகை வில்லோ மரம் நிற்கிறது. இம்ரே வர்கா என்ற சிற்பி செய்தது. கிட்டே போய்ப் பார். அதன் இலைகளில் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் பொறித்திருக்கின்றன. நான் அங்கே நெடுநேரம் நின்று, எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து கஸின்ட்ஸி தெரு சில நிமிட நடைதான். நீ பட்டியலில் முதலாவதாக எழுதியிருக்கும் சிம்ப்ளா மதுக்கூடம் 14ஆம் எண்ணில் இருக்கிறது. இதுவும் அந்த வேலிக்குள் இருந்த தெருதான். போருக்குப் பின் வீடுகள் அரசுடைமையாகி, பழுதுபார்ப்பாரின்றிக் காரை உதிர்ந்து கிடந்தன. 1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்த பிறகு நிலத்துக்கு விலை வந்தது; பழைய வீடுகளை இடித்துவிட்டுப் புதிய அடுக்ககம் கட்டப் பலர் வந்தார்கள். அந்தச் சமயத்தில்தான், 2004இல், சில இளைஞர்கள் இந்த வீட்டில் தூக்கியெறிந்த நாற்காலிகளைப் போட்டு மதுக்கூடம் தொடங்கினார்கள். டிராபன்ட் என்ற பழைய கிழக்கு ஜெர்மன் கார் ஒன்றையே இருக்கையாக்கினார்கள். அதைப் பார்த்து மற்ற முற்றங்களும் திறந்தன. குடியும் கூத்தும் ஒரு வட்டாரத்தைக் கெடுத்ததாகத்தான் வழக்கமாகக் கேள்விப்படுவோம். இங்கே அவைதான் சில சுவர்களை இடிபடாமல் காப்பாற்றின. அதனால்தான் இந்த மதுக்கூடங்கள்மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே முற்றத்தில் விவசாயிகள் பாலாடைக்கட்டியும் தேனும் காய்கறியும் விற்கிறார்கள். அதையும் பார்த்துவிடு.

இரவில் அங்கே போகும்போது தெருவில் குரலைத் தாழ்த்திப் பேசு. மேல்மாடிகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. நள்ளிரவோடு மதுக்கூடங்களை மூட வேண்டுமா என்று 2018இல் அந்த வட்டாரத்தில் வாக்கெடுப்பே நடந்தது. போதுமானவர்கள் வாக்களிக்காததால் அது செல்லுபடியாகவில்லை. ஆனால் தூக்கம் கெட்டவர்களின் குறை தீர்ந்துவிடவில்லை. விடிந்தால் வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள்.

பீர்க் கோப்பைகளை மோதிக் குடிக்கும் வழக்கம் அங்கே பலருக்கு இல்லை. ஆஸ்திரிய ஆட்சியை எதிர்த்த ஹங்கேரியரின் எழுச்சி தோற்றபின், 1849இல் ஆராத் நகரில் 13 ஹங்கேரியத் தளபதிகளைக் கொன்றுவிட்டு ஆஸ்திரிய அதிகாரிகள் பீர்க் கோப்பைகளை மோதிக் கொண்டாடினார்களாம். 150 ஆண்டுகளுக்கு அப்படிச் செய்யமாட்டோம் என்று ஹங்கேரியர்கள் சபதம் எடுத்தார்களாம். செவிவழிக் கதைதான். ஆனாலும் கெடு முடிந்த பிறகும் மோதாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்தால் நீயும் கோப்பையைச் சும்மா உயர்த்திவிட்டுக் குடி.

திரும்புவதற்குக் கவலைப்பட வேண்டாம். 6ஆம் எண் டிராம் பெரிய வட்டச் சாலையில் இரவு முழுவதும் ஓடுகிறது. கூட்டமாகத்தான் இருக்கும், மூன்று பேரும் ஒன்றாகவே ஏறுங்கள்.

கடைசி இரவில் மட்டும் அறைக்கு நேராகப் போகாதே. விடிகிற நேரத்தில் நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே ஆற்றங்கரைக்குப் போ. கரையின் விளிம்பில் இரும்பில் வார்த்த 60 ஜோடிக் காலணிகள் வரிசையாக இருக்கும். அம்புச் சிலுவைக்காரர்கள் மனிதர்களை அங்கே நிறுத்தி, காலணிக்கு விலை உண்டென்று அவற்றைக் கழற்றச் சொல்லிவிட்டு, ஆற்றில் விழும்படி சுட்டார்கள். 2005இல் வைத்த நினைவுச்சின்னம் அது. ஆண்களுடையவை, குதிகால் உயர்ந்த பெண்களுடையவை, நடுவே குழந்தைகளுடையவையும் உண்டு. நான் போன காலையில் ஒரு சின்னக் காலணிக்குள் யாரோ பூ வைத்திருந்தார்கள். எதிர்க்கரையில் புடாவின் குன்று மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் அங்கே நின்றுவிட்டு, பிறகு அறைக்குப் போய்த் தூங்கு.

அன்புடன்,
அக்கா