அந்த நீள நோட்டை அனுப்பி வைக்கிறேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் பேசியது மனசிலேயே நிற்கிறது, அதனால்தான் வாய்ஸ் மெசேஜ் போடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே குறுவை அறுப்பு பாதி ஆகிவிட்டது. அப்பா கொள்முதல் நிலையத்துக்கும் களத்துக்கும் அலைகிறார், ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமே, வானமோ தினமும் சாயங்காலம் இருட்டிக்கொண்டு வருகிறது. சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே இருந்தும் துண்டுத்தாளில் குறித்து வைத்துக்கொண்டு, ஷிஃப்ட் முடியும்போதுதான் மொத்தமாக ஏற்றுகிறார்கள், கேட்டால் "சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு மேடம்" என்கிறார்கள், இதை உன் ஆய்வேட்டில் 'பயனர் எதிர்ப்பு' என்ற தலைப்பில் எழுதப் போகிறேன் என்றாய். அந்த வார்த்தையை மட்டும் இப்போதைக்கு எழுதாதே அம்மாடி. அவர்களை மாதிரித்தான் நானும் இருந்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த கூட்டுறவு சொசைட்டியில் கம்ப்யூட்டர் வந்தபோது, இனிமேல் பேரேடு வேண்டாம், எல்லாம் திரையில்தான் என்று சொல்லிவிட்டார்கள். நான் சந்தோஷமாகத்தான் கற்றுக்கொண்டேன். வட்டிக் கணக்கை அது ஒரு நொடியில் போட்டது, அதற்கு முன்னால் மார்ச் மாதம் முழுக்க ராத்திரி எட்டு மணி வரை கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தவள் நான், எனக்கு என்ன எதிர்ப்பு இருக்கப் போகிறது? ஆனாலும் மேசை இழுப்பறையில் ஒரு நீள நோட்டு வைத்திருந்தேன், ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும். ஆய்வுக்கு ஆள் வந்தால் அதை எடுத்து உரமூட்டை அடுக்குக்குப் பின்னால் சொருகிவிடுவேன்.

அந்த நோட்டில் இருந்ததெல்லாம் திரையில் எழுத இடமில்லாத விஷயங்கள். நகைக்கடன் வைத்த ஒரு பாட்டி, "மருமகன் வந்து கேட்டா குடுத்துடாதம்மா, நான் நேர்ல வந்தாத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை எந்தக் கட்டத்தில் ஏற்றுவது? சிட்டா அண்ணன் பெயரில், சாகுபடி தம்பி, கடனைக் கட்டப்போவதும் தம்பி. திரைக்கு அண்ணனை மட்டும்தான் தெரியும்.

அப்புறம் 2018இல் உரத்துக்குக் கைரேகை மிஷின் வந்தது. நடவும் களையுமாக நாள் முழுக்கச் சேற்றிலேயே கிடக்கிற கை, ரேகை எங்கே இருக்கும்? கையைக் கழுவச் சொல்லி, முந்தானையில் துடைக்கச் சொல்லி, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து நான்கு தடவை தவறினபிறகு, பின்னால் வரிசையில் நிற்கிறவரின் விரலை வைத்து அந்த அம்மாவுக்கு இரண்டு மூட்டை யூரியா கொடுத்து அனுப்புவோம். அடியுரம் போடுகிற நாளில் நாளைக்கு வா என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் மிஷின் கணக்கில், ஒரு மா நிலம் வைத்திருந்தவர் ஊருக்கே வேண்டிய யூரியாவை வாங்கியிருந்தார். இவருக்கு எதற்கு இத்தனை மூட்டை என்று மேலிருந்து விசாரணை வந்தபோது பதில் இருந்த ஒரே இடம் அந்த நோட்டுதான். அதைக் காட்டவும் முடியவில்லை, ஏனென்றால் அந்த நோட்டு இருப்பதே தப்பு.

போன பொங்கலுக்கு வந்தபோது 1989இல் வெளியான டேவிஸின் ஆய்வைப் பற்றிச் சொன்னாயே, கனடாவில் ஐபிஎம் கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்கள் 112 பேரிடம் ஈமெயிலைப் பற்றிக் கேட்டது. ஒருவர் சிஸ்டத்தைப் பயன்படுத்துவாரா என்பதைத் தீர்மானிப்பதில், என் வேலைக்கு உதவுகிறதா, கையாளச் சுலபமா, இந்த இரண்டில் உதவுகிறதா என்பதற்குத்தான் எடை அதிகம் என்றாய். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆனால் எங்கள் மேசையில் இன்னொரு கேள்வியும் இருந்தது: நாளைக்குத் தணிக்கையில் கேட்டால் யார் பதில் சொல்வது? நீ படிவத்தோடு வந்து 'சிஸ்டத்தைப் பயன்படுத்துகிறீர்களா' என்று கேட்டிருந்தால் நானும் 'ஆம்' என்றுதான் டிக் அடித்திருப்பேன். பொய்யும் இல்லை. நோட்டைப் பற்றிச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

நீ சொன்னதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது ஆர்லிகோவ்ஸ்கி அம்மாவின் 1992 ஆய்வுதான். பெரிய ஆலோசனை கம்பெனி, எல்லாரும் தெரிந்ததைப் பகிர்ந்துகொள்ள ஒரு மென்பொருள் வாங்கிப் போடுகிறார்கள், ஆனால் அங்கே தனக்கு மட்டும் தெரிந்ததை வைத்துத்தான் ஒருவர் மேலே வர முடியும், அந்த மென்பொருளைக் கற்றுக்கொள்கிற நேரத்தை வாடிக்கையாளர் கணக்கில் எழுதவும் முடியாது. அப்புறம் யார் பகிர்வார்கள்? கோளாறு மென்பொருளில் இல்லையே. உன் நர்ஸுகளுக்கும் இதைப் போட்டுப் பார். ஊசி போட்ட நேரத்தை உடனே ஏற்றினால் 'தாமதம்' என்று சிவப்பில் காட்டுமோ? ஒரு வார்டுக்கு ஒரே கம்ப்யூட்டரோ? கடவுச்சொல் யாருடையது? அந்தத் துண்டுத்தாளில், திரையில் கேட்காத என்னவெல்லாம் எழுதியிருக்கிறது?

இதையெல்லாம் முதல் நாளே கேட்காதே. ஜெராக்ஸ் மெக்கானிக்குகளோடு ஜூலியன் ஓர் என்ற ஆய்வாளர் சுற்றியதாகச் சொன்னாய், சாப்பிடும்போது அவர்கள் பேசிக்கொண்ட பழுதுக் கதைகளில்தான் கையேட்டில் இல்லாத வேலை முழுக்க இருந்தது என்று. நீயும் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு போ. நைட் ஷிஃப்டிலும் இரு. தாள் தானாக வெளியே வரும்.

வந்த பிறகு என்ன செய்வாய் என்பதுதான் எனக்குக் கவலை. நீ எழுதுவதை அந்த ஆஸ்பத்திரி நிர்வாகம் படிக்கும். 'மூன்றாவது மாடி, இரவுப் பணி, மூத்த நர்ஸ்' என்று நீ எழுதினால் பெயர் எழுதாவிட்டாலும் யார் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். உனக்குப் பட்டம் வரும், அவர்களுக்கு மெமோ வரும். அப்படி ஒரு வரிகூட உன் கையால் வரக்கூடாது, உன் வழிகாட்டியே கேட்டாலும்.

அந்த நீள நோட்டு இன்னும் பரணில்தான் இருந்தது. எடுத்துத் தூசி தட்டி, நான்கு நாளாக மத்தியானம் உட்கார்ந்து, பெயரும் கடன் எண்ணும் இருக்கிற இடமெல்லாம் மைதாப் பசை காய்ச்சித் தாள் ஒட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா கும்பகோணத்திலிருந்து ரயில் ஏறுகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன், கூடவே முறுக்கும் இருக்கும். நோட்டை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள். ஒட்டியதை மட்டும் பிரிக்காதே.

அன்புடன்,
அம்மா