கிணற்றடிப் பூவரசு

கல்லிடைக்குறிச்சி,
புரட்டாசி கடைசி சனி.

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் வந்து இருபது நாளுக்கு மேல் ஆகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. எழுத நினைத்த நாளிலெல்லாம் கையில் மரப்பலகைக்கு ஊற்றும் ரெசின் பிசின் ஒட்டியிருந்தது. கை சுத்தமாக இருந்த ஒரு நாளில் மின்சாரம் இல்லை. அம்மா நலம். காது கொஞ்சம் மந்தம்தான், ஆனால் அவளுக்கு வேண்டாதது மட்டும்தான் கேட்பதில்லை. கார் நெல் அறுப்பு முடிந்துவிட்டது. அடுத்த பிசான நெல்லுக்கு ஆள் கிடைக்குமா என்று வழக்கம்போல் எல்லோரும் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள். உன் சர்க்கரை அளவைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அதுதான் முதல் வரியாக இருக்கவேண்டும்.

"பெரியப்பா செய்கிற மரப்பலகையை எனக்கும் சொல்லித்தரச் சொல்லுங்கள்" என்று உன் மகள் கேட்டாளாமே. சொல்கிறேன். அதற்கு முன் உனக்கு ஒரு செய்தி. உங்கள் வளவுக் கிணற்றடியில் நின்ற பூவரசு நினைவிருக்கிறதா? அதன் இலையைச் சுருட்டி நாம் பீப்பி ஊதி, உன் ஆச்சியிடம் வசவு வாங்கியிருக்கிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் அது சாய்ந்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. வேரடி மண் குழைந்து, மரம் கிணற்றுச் சுவரில் தலை வைத்துப் படுத்துவிட்டது. உனக்கு அப்போதே எழுதியிருக்கலாம். வீட்டை விற்றதற்கே நீ ஒரு வருடம் பேசாமல் இருந்தவன் என்பதால் எழுதவில்லை.

வீட்டை வாங்கியவர் நல்ல மனிதர். விறகுக்கு விலை பேசிக்கொண்டிருந்தவரிடம் போய் அடிமரத்தை மட்டும் கேட்டேன். "எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, இடம் காலியானால் போதும்" என்றார். அறுவை மில்லில் கொடுத்து ஒன்றேகால் அங்குலக் கனத்தில் பலகைகளாக அறுத்தேன். உள்ளே நல்ல வைரம் பாய்ந்த நடுமரம். கருப்பட்டிப் பாகு இறுகும்போது வருமே, அந்த நிறம்.

அறுத்த மரத்தை உடனே தொட்டுவிடக் கூடாது என்பதை உன் மகளுக்கு முதலில் சொல். அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது ஆசாரிகள் சொல்லும் பழைய கணக்கு. பலகைகளின் இரண்டு முனைகளிலும் பெயிண்ட் பூசி, இடையிடையே சட்டம் கொடுத்து, தொழுவில் நிழலாக அடுக்கினேன். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், அதனால்தான் பலகை முனையில் வெடிக்கிறது. காய்ந்ததா என்று பார்க்கக் கருவி இருக்கிறது. நான் வாங்கவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு பலகையை எடுத்துப்போய் மளிகைக் கடைத் தராசில் வைப்பேன். இரண்டு மூன்று முறை தொடர்ந்து எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு அவரே, "சென்ற முறையைவிட முப்பது கிராம் குறைவு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ரெசின் என்றதும் ஏதோ புதுப் பொருள் என்று நினைக்காதே. அறுந்த செருப்பிலிருந்து உடைந்த பேனா வரைக்கும் நாம் அரால்டைட்டில் ஒட்டவில்லையா, இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் குழைத்து? 1946-இலேயே ஸ்விட்சர்லாந்துக் கம்பெனி ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்த அந்த எபாக்ஸிப் பசையின் தண்ணீர் போன்ற உறவுக்காரன்தான் இது. ரெசின் ஒன்று, அதை இறுக்கும் ஹார்டனர் ஒன்று. இரண்டும் கலந்தால் தானே சூடேறி இறுகும். இன்னும் பின்னால் போனால், அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்குப் பூசும் அரக்கும் பிசின் வகைதானே. பூச்சி சுரக்கும் அரக்கைக் கட்டியாக்கி, கடைசலில் சுழலும் மரத்தின்மேல் அழுத்தினால், உரசும் சூட்டிலேயே உருகி மரத்தில் ஏறிக்கொள்ளும். பட்டறையில் அதை ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தபிறகு, வீட்டில் நான் பிளாஸ்டிக் கோப்பையில் குச்சி வைத்துக் கலக்குவது எனக்கே சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரிந்தது.

முதல் பலகையை எல்லோரும் செய்வது போலத்தான் செய்தேன். பட்டை ஓரம் உள்ள இரண்டு துண்டுகளை எதிரெதிரே வைத்து, நடுவில் நீல ரெசின் ஊற்றி ஓர் ஆறு. பார்க்கப் பளபளவென்று இருந்தது. அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் உட்காருவதா, காய் நறுக்குவதா?" என்று கேட்டாள். பலகை என்றால் அவளுக்கு மணைப்பலகைதானே. பலகாரம் வைத்துப் பரிமாறுவதற்கு என்றேன். நடுவில் இருப்பது நம் தாமிரபரணி என்றும் சொல்லித் தொலைத்தேன். "நம் ஆறு எந்தக் காலத்தில் நீலமாக ஓடியது?" என்றாள். எண்பத்து நான்கு வருடம் அந்த ஆற்றைப் பார்த்தவளிடம் என்ன வாதாடுவது? ஆடியில் கலங்கல், ஐப்பசியில் செம்மண், பங்குனியில் மணல் தெரியும் பச்சை. நீலம் எந்தப் படித்துறையிலும் இல்லை.

அடுத்ததற்குச் ரெசினுக்கு நிறம் சேர்க்கச் செம்பு நிற மைக்காத் தூள் வாங்கினேன், பெயருக்கும் பொருத்தமாயிற்றே என்று. ஆறு நாற்பது சென்டிமீட்டர் நீளம், ஐந்து அகலம், இரண்டரை ஆழம். ஆக 500 மில்லி, எடையில் சுமார் 550 கிராம். கணக்கெல்லாம் சரி. சித்திரை மாதம், பகல் பதினொரு மணி, தகரக் கூரை போட்ட தொழு. மேசை மேல்பூச்சுக்கு விற்கிற ரெசினை அரைலிட்டருக்கு மொத்தமாகக் கலக்கி, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, செல்போன் அடிக்கிறதே என்று உள்ளே போனேன். வங்கிக் கடன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லித் திரும்பி வருவதற்குள் கோப்பையிலிருந்து புகை. மேல்பரப்பு விரிசல் விட்டுக்கொண்டிருக்கிறது, கோப்பை இடுப்பு வளைந்து சரிகிறது. முற்றத்தில் கிடத்திவிட்டுத் தள்ளி நின்றேன். ரெசின் சூட்டில்தான் இறுகும், இறுக இறுக இன்னும் சூடாகும். கோப்பையில் குவியலாக இருந்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை. சுற்றுப்புறம் பத்து டிகிரி கூடினால் இறுகும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். உங்கள் நாக்பூர் வெயில் இருக்கிறதே, உன் மகளுக்கு இதை இரண்டு முறை வாசித்துக் காட்டு. ஆழமாக ஊற்றுவதற்கென்றே மெதுவாக இறுகும் வகை தனியாகக் கிடைக்கிறது. மேல்பூச்சு வகையை வைத்துக்கொண்டு ஆழம் நிரப்ப நினைத்தால் சில மில்லிமீட்டராக அடுக்கடுக்காகத்தான் ஊற்றவேண்டும்.

அளவு விஷயத்தில் கண்மட்டம் உதவாது. இரண்டுக்கு ஒன்று என்று டப்பாவில் போட்டிருந்தால் அது கொள்ளளவா எடையா என்று பார்க்கவேண்டும், இரண்டும் ஒன்றல்ல. ஹார்டனர் கூடினால் சீக்கிரம் இறுகும் என்று நினைத்து ஒரு கரண்டி அதிகம் விட்டேன். அந்தப் பலகை இன்றுவரை வெயிலில் பிசுபிசுக்கிறது. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. ஹார்டனர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் பிறகு துளி பட்டாலும் அரிக்கும். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

குமிழிதான் என்னை நெடுநாள் படுத்தியது. ஊற்றியபோது கண்ணாடி போல இருக்கும், காலையில் பார்த்தால் மர ஓரம் முழுக்கப் பொரி பொரியாகக் குமிழி. மரத்துக்குள் இருக்கும் காற்று வெயில் ஏற ஏற விரிந்து வெளியே வருகிறது. அதனால் இப்போது மரத்தின் ஓரங்களில் முந்தின நாளே மெல்லியதாக ஒரு பூச்சு கொடுத்துத் துளைகளை அடைத்துவிடுகிறேன். ஊற்றுவதும் விளக்கேற்றும் நேரத்துக்குப் பிறகுதான். இரவில் மரம் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ரெசினைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இதைக் கண்டுகொண்ட அன்று உன் மதினியை எழுப்பிக் காட்டினேன். மணி பத்தரை. அவள் சொன்னதை எழுதவேண்டாம்.

அச்சுப் பெட்டிக்குள் பேக்கிங் டேப் ஒட்டிவிட்டால் ரெசின் பிடிக்காது. மூலைகளில் சிலிக்கான் அடைப்பு, அடியில் ரசமட்டம். இதில் சொல்ல வேறொன்றும் இல்லை. இறுகிய பின் இழைத்து, உப்புத்தாளில் கரடான 80-ஆம் எண்ணில் தொடங்கி 120, 180, 220 என்று நைசானதுக்கு ஏறவேண்டும். 80-இன் கீறல் முழுதும் போகாமல் 120-க்குத் தாவினால், எண்ணெய் பூசும்போது அத்தனை கீறலும் எழுந்து நிற்கும். நான் தாவினேன், நின்றது. கடைசியில் துடைக்கத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகக் காறல் வாடை அடிக்கும். மினரல் ஆயிலில் தேன்மெழுகு உருக்கிச் சேர்த்துத் துணியில் தேய்த்தால் பூவரசு அப்படியே கண் திறக்கும்.

இனி உன் பலகை. தீபாவளிக்கு முன் வந்து சேரும்படி பார்சல் போட்டிருக்கிறேன். அதில் ஆறு கிடையாது. செம்பு நிற ஆறு ஒன்று நன்றாகவே வந்தது, மாப்பிள்ளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் அதற்காக வைரம் பாய்ந்த மரத்தை நடுவில் வெட்டி எறியவேண்டியிருந்தது எனக்கு உறுத்தியது. உன்னுடையது ஒரே துண்டு. முனையில் இருந்து ஒரு வெடிப்பு ஓடுகிறது, ஒரு சாண் நீளம், தீக்குச்சி நுழையும் அகலம். அதை மட்டும் நிரப்பியிருக்கிறேன். நிறம் சேர்க்கவில்லை, மரத்தின் கருமையே உள்ளிருந்து தெரிகிறது.

வெடிப்புக்குப் பக்கத்தில் விரல் நுனி அளவு ஒரு வட்டம் பார்ப்பாய். அங்கேதான் மில்லில் ரம்பம் 'ணங்' என்று அலறியது. மில்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பல் போன ரம்பத்துக்கும் சேர்த்துக் கூலி வாங்கிக்கொண்டார். மரத்துக்குள் ஓர் ஆணி. வெளியே தெரியாதபடி மரம் மூன்று விரற்கடை வளர்ந்து அதை மூடியிருந்தது. நல்ல கனத்த பழைய ஆணி, துணி காயப்போடும் கொடி கட்ட அடித்ததாகத்தான் இருக்கவேண்டும். அதைச் சுற்றி மரம் மை கொட்டினது போலக் கருநீலமாகியிருக்கிறது. இரும்புத் துரு பட்டால் மரத்தின் துவர்ப்பு அப்படித்தான் கறுக்கும். இழைத்து எடுத்துவிடலாம் என்று மூத்த ஆசாரி ஒருவர் சொன்னார். நான் எடுக்கவில்லை. ஆணியைக் கழற்றிவிட்டு அந்தத் துளையை நிறமில்லாத ரெசினால் நிரப்பினேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்.

தங்கச்சியிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடு. கொதிக்கிற டபராவை ரெசின் மேல் வைக்கவேண்டாம், ஐம்பது அறுபது டிகிரியிலேயே இளகிவிடும். நம் வீட்டு நீல ஆற்றில் இப்போது ஒரு காபி வளையம் நிரந்தரமாக இருக்கிறது. கத்தி வைத்து நறுக்கவும் வேண்டாம், அல்வாத் துண்டும் முறுக்கும் வைத்துக் கொடுக்கத்தான். ஊற்றி ஒரு மாதம் ஆகிவிட்டது, முழுதும் இறுகியபிறகுதான் கட்டினேன். அதனால் வந்த அன்றே பயன்படுத்தலாம்.

ஆணியைத் தனியே காகிதத்தில் சுற்றிப் பலகையின் அடியில் வைத்திருக்கிறேன். அதை அடித்தது உன் அப்பா என்கிறாள் அம்மா. எனக்கென்னவோ, எட்டாம் வகுப்பு விடுமுறையில் நீயும் நானும் ஊஞ்சல் கட்டுகிறோம் என்று அடித்ததாக ஒரு நினைவு. கையில் வைத்துப் பார்த்துவிட்டு எழுது.

உன்,
நம்பி